சூம்பிய கெண்டைக்காலின் சதை எங்கே போனது?

"கணுக்கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்துப் பார்த்தால் கெண்டைக்கால் சூம்பிக் கிடக்கிறது. கட்டு இறுக்கியதில் ரத்தம் ஓடாமல் சதை செத்துவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நிஜமா? ஆட்டுக்கால் சூப் குடித்தால் திரும்புமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பாட்டி சொன்னது நடந்திருந்தால் சில மணி நேரத்திலேயே வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பீர்கள். ஆறு வாரம் தாங்காது. உங்கள் தசை செல்கள் செத்துவிடவில்லை, மெலிந்திருக்கின்றன. பள்ளியில் படித்த ஆக்டின், மயோசின் என்ற, தசையைச் சுருக்கும் புரத இழைகள் தினமும் கொஞ்சம் இடிபட்டு, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுபவை. கால் பாரம் தாங்காதபோது கட்டும் வேலை மந்தமாகிறது. மனிதர்களிடம் இழப்பின் பெரும்பங்கு இதனால்தான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இடிக்கும் வேலை மட்டும் நிற்பதில்லை. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

வயிற்றுக்குள் போன முட்டைப் புரதத்தை வெட்ட நொதிகள் போதும், செல்லின் சக்தி நாணயமான ஏ.டி.பி. தேவையில்லை. ஆனால் செல்லுக்குள் புரதம் உடைய சக்தி செலவாகிறது என்பதை 1953-லேயே கல்லீரல் துண்டுகளில் பார்த்துவிட்டார்கள். இடிப்பதற்கு எதற்குச் சக்தி?

செல் கண்டதையெல்லாம் இடிப்பதில்லை என்பதால்தான். இடிக்க வேண்டிய புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தைச் சங்கிலியாக ஒட்டுகிறது. 76 அமினோ அமிலம்தான் அதன் நீளம். சும்மா கிடக்கும் தசையில் இதை ஒட்டும் நொதிகள் பெருகுகின்றன. மர்ஃப்-1, அட்ரோஜின்-1 என்ற இரண்டைப் பற்றி 2001-ல் தெரியவந்தது. மர்ஃப்-1 குறிவைப்பது மயோசினையே.

ஒட்டு விழுந்த புரதம் புரோட்டியசோமுக்குப் போகிறது. ஏழேழு துண்டுகளால் ஆன நான்கு வளையங்களை அடுக்கிய பீப்பாய் அது. கத்திகளெல்லாம் உள்சுவரில், வெளியே மிதக்கும் நல்ல புரதத்தை அவை தொடவே முடியாது. வாயோ மிகக் குறுகல், மடிந்த புரதம் நுழையாது. வாசலில் இருக்கும் மூடி ஒட்டைப் பிடித்துக்கொண்டு, சிக்கு விழுந்த நூலைப் பிரித்து ஊசியில் கோர்ப்பதுபோல் புரதத்தை நீட்டி உள்ளே தள்ளுகிறது. ஏ.டி.பி. செலவாவது முக்கியமாக இங்கேதான். யுபிக்விட்டினை வாசலிலேயே கழற்றி, அடுத்த புரதத்துக்குச் செல் எடுத்துக்கொள்கிறது. பழைய வீட்டை இடிக்கும்போது தேக்கு நிலையைப் பத்திரமாகக் கழற்றி வைப்பார்களே, அப்படி. உள்ளே போனது துண்டு துண்டாகி, கடைசியில் அமினோ அமிலங்களாகிறது. அவற்றில் சிலவற்றிலிருந்து கல்லீரல் சர்க்கரை தயாரிக்கும்.

ஹெர்ஷ்கோ, சியக்கனோவர், ரோஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் இந்த ஒட்டு வேலையைத் துருவியது முயலின் முற்றாத சிவப்பணுக்களை வைத்து, 1970-களின் இறுதியில். "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று இன்றைய நிதி விண்ணப்பம் கேட்பதுபோல் அன்று கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ! 2003-ல் புரோட்டியசோமை அடைக்கும் போர்டிசோமிப், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மூவருக்கும் நோபல் அடுத்த வருடம்.

அப்புறம் அந்த சூப். தாராளமாகக் குடியுங்கள், மிளகு தூக்கலாக இருந்தால் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் இறங்கும் புரதம் பெரும்பாலும் ஜெலட்டின். தசைப் புரதம் கட்டத் தேவையான டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. முட்டை, மீன், பருப்பில் உண்டு. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த குதிகால் பயிற்சியை விட்டுவிட்டு எதைச் சாப்பிட்டாலும், அதில் பெரும்பகுதி எரிபொருளாகத்தான் போகும்.