நடுகல்: சொல்லும் பொருளும்

நடுகல் என்றால் 'நடுவில் நிற்கும் கல்' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த 'நடு' இடத்தைக் குறிப்பதல்ல. நாற்று நடுகிறோம், பந்தக்கால் நடுகிறோம் என்கிறோமே, அந்த வினைதான். இலக்கணப்படி இது வினைத்தொகை. நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என்று முக்காலத்துக்கும் விரியும். ஊரைக் காக்கப் போய் உயிர்விட்டவருக்காக ஊரார் நட்டு வணங்கும் கல் என்பது பொருள்.

தொல்காப்பியப் புறத்திணையியல் இந்தச் செயலை ஆறு படிகளாகச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அந்த வேலையை முறைப்படி தொடங்குவது கால்கோள். கல்லை நீராட்டுவது நீர்ப்படை. அப்புறம் நடுதல், பெரும்படையல் இடுதல், வாழ்த்துதல். இவற்றில் கால்கோள் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கட்டட வேலை தொடங்கும் நாளைக் கால்கோள் விழா என்கிறோம்.

சரி, யாருக்கு நட்டார்கள்? அதியமான் போன்ற தலைவனுக்கும் நட்டார்கள் என்பது ஔவையார் பாட்டில் தெரிகிறது. ஆனால் கிடைத்திருக்கும் கற்களில் பெரும்பாலானவை மாடு மீட்கப் போனவர்களுக்கு உரியவை. ஆநிரைதான் அன்றைக்குச் செல்வம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்தில் பொறித்த கல் ஒன்று, 'ஆகோள்' என்ற சொல்லோடு கூடலூர்ப் பூசலில் இறந்த தீயன் அந்தவனைச் சொல்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். இலக்கணத்தில் படித்த சொல், கல்லிலும் அப்படியே இருக்கிறது!

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில், வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் பொறித்த கற்கள் ஏராளம். அவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளுக்கான பூசலில் கருந்தேவகத்தி என்பவர் இறந்தார். அவர் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். அரசன் பெயர் ஆண்டைச் சொல்ல மட்டும்தான் வருகிறது. பெருமை மாட்டுக்காரருக்கும் நாய்க்கும்.

இறந்தான் என்பதற்கு இந்தக் கற்கள் சொல்லும் சொல் 'பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை. தொறு மீட்டுப் பட்டான் என்றால் மந்தையை மீட்டுத் தந்து இறந்தான். புலியோடு போராடி இறந்தவருக்கு நட்டதைப் புலிகுத்திக்கல் என்கிறார்கள்.

இன்று சிலர் 'ஹீரோ ஸ்டோன்' என்றே எழுதுகிறார்கள், சிலர் வீரக்கல் என்கிறார்கள். கன்னடத்தில் வீரகல்லு என்பதே வழக்கு, அங்கே அது பொருந்தும். தமிழில் நடுகல் என்றே எழுத வேண்டும் என்பேன். வீரக்கல் இறந்தவரை மட்டும் சொல்கிறது. நடுகல் என்னும்போது அவரை மறக்காமல் கல் தேடி, நீராட்டி, நட்ட ஊராரும் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் இந்தக் கற்கள் பலவற்றுக்கு வேடியப்பன் என்று பெயர், இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். அங்கே தேடிப் போகிறவர்கள் வேடியப்பன் கோயில் எங்கே என்று விசாரித்தால் போதும், வழி சொல்வார்கள்.