கார்டு மாறும்போது வலது கை ஏன் நிற்கிறது?

கிட்டார் பழக ஆரம்பித்தவர்கள் முதலில் சொல்லும் புகார், "விரல் சீக்கிரம் மாற மாட்டேங்குது மாஸ்டர்" என்பதுதான். கவனித்துப் பாருங்கள். இடது கை அடுத்த கார்டை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடி, chord) தேடும் அந்த அரை நொடியில் வலது கை அந்தரத்தில் நிற்கும். தாளம் அங்கேதான் உடைகிறது.

கார்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் ஸ்ட்ரம்மிங் கை, அதாவது கம்பிகளை மேலும் கீழும் வீசி மீட்டும் வலது கை, ஓடிக்கொண்டே இருக்கட்டும். நான்காவது அடிக்குப் பின் கை மேலே போகும்போதே இடது கை விரல்களை எடுத்துவிடுங்கள். வெறுங்கம்பி ஒலிக்கும், காது அதைப் பொறுத்துக்கொள்ளும். தாளம் நின்றால் பொறுக்காது.

முதலில் இடது கையைக் கம்பிகள் மேல் லேசாகப் போர்த்தி, வெறும் 'சக் சக்' சத்தத்தில் பழகுங்கள். ஒட்டிய சுவர் வீடுகளில் ராத்திரி பழக இதுவே வசதி. தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோநோம் 60இல், அதாவது நிமிடத்துக்கு 60 அடியில், இருக்கட்டும்.

அடுத்து சி, ஏ மைனர் கார்டுகள். மெல்லிய கம்பிதான் 1ஆம் கம்பி, தடித்தது 6ஆவது. ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை; தலைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். இரண்டிலும் ஆள்காட்டி விரல் 2ஆம் கம்பி 1ஆம் ஃப்ரெட்டிலும், நடுவிரல் 4ஆம் கம்பி 2ஆம் ஃப்ரெட்டிலும்தான். மோதிர விரல் மட்டும் 5ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டிலிருந்து 3ஆம் கம்பி 2ஆம் ஃப்ரெட்டுக்குப் போகிறது. ஆனால் பலரும் மூன்று விரலையும் பிடுங்கி மறுபடி நடுகிறார்கள். அதில்தான் நேரம் போகிறது. ஜி கார்டை நாலு விரலால் பிடித்தால் டி-க்குப் போகும்போதும் மோதிர விரல் 2ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டிலேயே தங்கிவிடும்.

ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாறுகிறீர்கள் என்று எண்ணுங்கள். 60 வேகத்தில் நாலு அடிக்கு ஒரு கார்டு என்றால் நிமிடத்துக்கு 15 மாற்றம்தான் தேவை. 30 வந்துவிட்டால் தாராளமாகப் பாட்டுக்குப் போகலாம்.

வடசென்னைப் பிள்ளைகள் சீக்கிரமே கேட்பது கானா தாளம். தகிட தகிட, ஆறு எண்ணிக்கை. அழுத்தம் 1இலும் 4இலும். கீழ்-மேல் என்று மாறி மாறி அடித்தால் 4 மேல்வீச்சில் விழுந்து அழுத்தம் சோர்ந்துவிடும். அதனால் கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று பிரியுங்கள். 3க்கும் 4க்கும் நடுவில் கை சத்தமில்லாமல் மேலே திரும்ப வேண்டும். அவசரப்படுவது அந்த இடத்தில்தான். அது படியும்வரை ஒரே கார்டில் அடியுங்கள்.

விரல் நுனி வலிப்பது சகஜம். மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள். ஃப்ரெட் பட்டையை ஒட்டி அழுத்தினால் பாதி பலம் போதும். அப்படியும் கை நோகிறதா? 12ஆம் ஃப்ரெட்டில் 6ஆம் கம்பிக்கும் ஃப்ரெட் பட்டைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் கடைக்குக் கொண்டுபோய்க் கம்பியை இறக்கச் சொல்லுங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து விரலைக் கீறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பையில் வையுங்கள். ஷீட் கூரைக்கு அடியில் வெயில் நேரத்தில் விட்டுவிடாதீர்கள். சூட்டில் பிரிட்ஜ் (கம்பிகளைக் கிட்டார் உடலில் பிடித்திருக்கும் கட்டை) பசை விட்டுக்கொள்ளும்.