டெக்ஸாஸில் வரி இல்லையென்று உங்களுக்குச் சொன்னது யார்?

இந்த வருடத்தில் வரிச் சந்தேகத்தோடு என்னிடம் வந்த ஏழாவது குடும்பம் இது. கணவன், மனைவி இருவருக்கும் ஐடி வேலை. டாலஸுக்கு வடக்கே புது வீடு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வந்து உட்கார்ந்ததும் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்கள். வீட்டுக் கடனின் மாதத் தவணை 1,333 டாலர் ஏறியிருக்கிறது.

"ஃபிக்ஸட் வட்டிதானே அக்கா, எப்படி ஏத்துவாங்க? ஏமாத்துறாங்க."

யாரும் ஏமாற்றவில்லை. வட்டியும் ஏறவில்லை. ஏறியது எஸ்க்ரோ, அதாவது வீட்டு வரிக்கும் காப்பீட்டுக்கும் என்று தவணையோடு சேர்த்துப் பிடிக்கிற பணம். டெக்ஸாஸில் ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த மதிப்புக்குத்தான் அந்த வருடத்தின் வரி. இவர்கள் குடியேறியது மே மாதத்தில். ஜனவரி 1 அன்று அங்கே இருந்தது காலி மனையும் பில்டர் நட்டு வைத்த கொடியும்தான். மனை மதிப்பு ஒரு லட்சம் டாலர், வரி 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2,000, மாதத்துக்கு 167. அதை வைத்துத்தான் எஸ்க்ரோ போட்டார்கள். அடுத்த ஜனவரியில் வீடு நிற்கிறது, மதிப்பு 5 லட்சம், வரி 10,000. பில்லைக் கட்டியபோது கணக்கில் 8,000 துண்டு விழுந்தது. அதை 12 மாதமாகப் பிரித்தால் 667. இனிமேல் கட்ட வேண்டிய வரிக்கு மாதம் 833. இரண்டும் சேர்ந்து 167 இருந்த இடத்தில் 1,500.

"ஹோம்ஸ்டெட், அதாவது சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரி விலக்கு, போட்டீர்களா?" என்று கேட்டேன். "அது தானா வந்துடாதா?" என்றார் மனைவி.

வராது. நீங்கள்தான் கவுண்டியில் சொத்து மதிப்பைப் போடும் அப்ரைசல் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பைசா செலவில்லை. ஓட்டுநர் உரிமத்தில் இந்த வீட்டு முகவரி இருந்தால் போதும். பணம் கட்டினால் போட்டுத் தருகிறோம் என்று தபாலில் ஒரு கடிதம் வரும், அதைக் கிழித்துப் போடுங்கள். 2025இலிருந்து பள்ளி வரியில், அதாவது வீட்டு வரியில் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் பங்கில், வீட்டு மதிப்பின் முதல் 1,40,000 டாலருக்கு விலக்கு. பள்ளி வரி 1 சதவீதம் என்றால் வருடத்துக்கு 1,400 டாலர் மிச்சம். அது போக, விலக்கு கிடைத்த அடுத்த வருடத்திலிருந்து வரிக்கான மதிப்பு ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. மறந்துவிட்டீர்களா? வரி கட்டும் கெடு முடிந்து இரண்டு வருடம் வரைக்கும் பின்தேதியிட்டுக் கேட்கலாம். இன்றைக்கே போடுங்கள்.

சரி, எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "டெக்ஸாஸில் வரி இல்லை." இந்த ஒரு வரியை நம்பித்தான் பாதிப் பேர் பெட்டி கட்டுகிறார்கள். இல்லாதது சம்பளத்தின் மேல் போடும் மாநில வருமான வரி மட்டும். அலாஸ்கா, ஃப்ளோரிடா, நெவாடா, டென்னசி, வாஷிங்டன் என்று மொத்தம் ஒன்பது மாநிலங்களில் அது இல்லை. அதற்காக அங்கெல்லாம் பள்ளிக்கூடம் இல்லையா, போலீஸ் இல்லையா, சாலை போடுவதில்லையா? அந்தப் பணம் வேறு வாசலில் வருகிறது. டெக்ஸாஸில் கடையில் வாங்கும் பொருளுக்கு மாநிலத்துக்கு 6.25 சதவீதம், அதன் மேல் உள்ளூருக்கு 2 வரை. மிச்சமெல்லாம் வீட்டின் தலையில். ஹியூஸ்டன் புறநகர் என்றால் தண்ணீர், சாக்கடை வசதிக்கான 'மட்' வரி தனி. வாஷிங்டனில் சம்பளத்துக்கு வரி கிடையாது, ஆனால் 2022இலிருந்து பெரிய பங்கு லாபத்துக்கு உண்டு. சம்பளம் அதிகம், வாடகை வீடு, சிக்கனச் செலவு என்றால் டெக்ஸாஸ் உங்களுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஐந்து படுக்கையறை வீடு வாங்கிவிட்டு அதே லாபத்தைத் தேடாதீர்கள்.

அப்புறம் கலிஃபோர்னியாவிலிருந்து வருபவர்கள். ஆஸ்டினுக்கு வந்துவிட்டோம், இனி கலிஃபோர்னியாவுக்கு எதுவும் கிடையாது என்று நினைக்கிறீர்கள். உங்கள் கம்பெனி பங்கு, அதுதான் ஆர்எஸ்யூ, தருவதாகச் சொன்ன நாளிலிருந்து வெஸ்ட் ஆன நாள், அதாவது அது உங்களுக்கே சொந்தமான நாள் வரை எத்தனை வேலைநாள் அங்கே இருந்தீர்கள் என்று கலிஃபோர்னியா வரிக்காரர்கள் எண்ணுவார்கள். 36 மாதத்தில் 31 மாதம் சான் ஹோசேயில் உட்கார்ந்து வேலை செய்திருந்தால், அந்த வருமானத்தில் ஏறக்குறைய 86 சதவீதம் அவர்கள் கணக்கு. வெஸ்ட் ஆன அன்று நீங்கள் ஆஸ்டினில் இருந்தாலும் அப்படித்தான். வேலைநாள் கணக்கை எழுதி வையுங்கள், தயவுசெய்து. மூன்று வருடம் கழித்துக் காலண்டரைத் தோண்டுவது எனக்குப் பிடித்த வேலை இல்லை.

2025இல் வந்த சட்டம் இன்னொரு வதந்தியைக் கிளப்பிவிட்டது. மத்திய வருமான வரிக் கணக்கில் காட்டும் மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 2018இலிருந்து 10,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. அது 2025க்கு 40,000 ஆனது. வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் குறைந்துகொண்டே வரும், 2030இல் மறுபடி 10,000தான். "அக்கா, நாற்பதாயிரம் ரீஃபண்ட் வருமா?" என்று கேட்டவர்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கழிவு என்றால் வருமானத்தில் கழிப்பது, கையில் வரும் பணம் இல்லை. வீட்டு வரி 12,000, விற்பனை வரி 2,500, கடன் வட்டி 24,000 என்றால் மொத்தம் 38,500. தம்பதிக்கு எதையும் காட்டாமலே 2025க்கு 31,500 கழிவு இருந்தது. ஆக, கூடுதல் வெறும் 7,000. 24 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 1,680 டாலர் மிச்சம். அவ்வளவுதான்.

இப்போது வீட்டு வரியையே ஒழிப்போம் என்ற பேச்சு. குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வரியே வேண்டாம் என்கிறார் ஃப்ளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ். வடக்கு டக்கோட்டா மக்கள் 2024 நவம்பரில் இதே மாதிரி ஒரு யோசனையை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். மிசிசிப்பி வருமான வரியைப் படிப்படியாக எடுக்க 2025இல் சட்டம் போட்டுவிட்டது. வாட்ஸ்அப்பில் கை தட்டுகிறீர்கள். எடுத்த பணத்துக்குப் பதில் எந்த வரி ஏறும் என்று ஒருவர் கூடக் கேட்பதில்லை. பெரும்பாலும் விற்பனை வரிதான். அதை வாடகைக்கு இருப்பவரும் கட்டுவார்.

இன்னொன்று. மதிப்பு நோட்டீஸ் வந்ததும் மே 15க்குள் முறையீடு செய்ய எல்லோரும் ஓடுகிறீர்கள், நல்லது. ஆனால் மதிப்பை வைப்பது அப்ரைசல் அலுவலகம், வரி விகிதத்தை வைப்பது நகரமும் கவுண்டியும் பள்ளி வாரியமும். விகிதத்தை முடிவு செய்யும் கூட்டங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில். கிரீன் கார்டோ எச்1பியோ, ஓட்டு இல்லாவிட்டாலும் எழுந்து பேசலாம். போன ஆகஸ்டில் எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். பார்வையாளர் பக்கத்தில் நான்கு பேர், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.