பூட்லோடர் திறக்குமா? பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்

எங்கள் சர்வீஸ் கடையின் ஜாப் கார்டில் 'பேட்டர்ன்' என்று ஒரு கட்டம் உண்டு. உள்ளே ஒன்பது புள்ளிகள். போனைக் கொடுக்கிறவர் தன் லாக்கை அதில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போவார். சார்ஜிங் பின் மாற்ற வந்தவர்கூடப் போடுவார். சார்ஜிங் பின்னுக்கு லாக் எதற்கு? பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படித் திருப்பிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதே கடைக்குத்தான் இப்போது சிலர் வந்து, "அண்ணே, கூகுளுக்குத் தகவல் போகாத போன் எது?" என்று கேட்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க அப்படி ஒரு போன் என்னிடம் இல்லை.

ஆண்ட்ராய்டின் அடிப்பகுதி திறந்த மூல மென்பொருள்தான். யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம். நம் கைக்கு வரும் போனிலோ அதன் மேல் கூகுள் ப்ளே சர்வீசஸ், கம்பெனியின் சொந்த ஆப்கள், லாக் ஸ்கிரீனில் வந்து நிற்கும் விளம்பரம் என்று ஒரு மூட்டை ஏற்றியிருப்பார்கள். அதில் பாதியை நீக்கவே முடியாது. அதனால் நான் பிராண்டைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு வேறொன்றைப் போட விடுமா என்று மட்டும் பார்ப்பேன். அதைத் தீர்மானிப்பது பூட்லோடர். போன் ஆன் ஆனதும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம் அது. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எதையும் உள்ளே விடாது. சில கம்பெனிகள் அதைத் திறக்க வழி வைத்திருக்கின்றன, சில நாள்கணக்கில் காக்க வைக்கின்றன, சில திறக்கவே விடுவதில்லை.

போன வருஷம் ஒரு கல்லூரி மாணவர் பழைய கூகுள் பிக்சல் 7ஏ போன் ஒன்றோடு வந்தார். கூகுள் ஆப்கள் இல்லாமல் வரும் ஆண்ட்ராய்டான கிராஃபீன்ஓஎஸ் போட்டுத் தரச் சொன்னார். போன் புதுசு போலவே இருந்தது. 'பில்ட் நம்பர்' வரியை ஏழு தடவை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து பார்த்தேன். பூட்லோடரைத் திறக்க அனுமதி தரும் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. வைஃபை கொடுத்தேன், ரீசெட் அடித்தேன், மறுபடி பார்த்தேன். அசையவில்லை. அமெரிக்காவில் ஒரு டெலிகாம் கம்பெனி விற்ற போன், எப்படியோ இங்கே வந்திருக்கிறது. அந்தச் சரக்கில் அந்தப் பொத்தான் எப்போதும் திறக்காது. விற்ற கடையில் கேட்டதற்கு, "போன் நல்லாத்தானே ஓடுது தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதுவும் உண்மைதான், போன் நன்றாகத்தான் ஓடியது.

ஆகவே பழைய பிக்சல் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு, அந்த ஏழு தட்டலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் எடுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுள் போனையே வாங்கச் சொல்கிறானே என்று தோன்றும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. விஷயம் என்னவென்றால், பூட்லோடரைத் திறந்து வேறு சிஸ்டம் போட்டபின், அந்தச் சிஸ்டத்தின் சாவியை வைத்தே திரும்பப் பூட்டவும் பிக்சல் இடம் கொடுக்கிறது. பெரும்பாலான போன்களில் இது நடக்காது. லினேஜ்ஓஎஸ் என்ற இன்னொரு மாற்று ஆண்ட்ராய்டு பல பழைய போன்களுக்கு மறுவாழ்வு கொடுக்கிறது, எனக்குப் பிடித்த முயற்சி. ஆனால் அநேகமாக எல்லா மாடலிலும் பூட்லோடர் திறந்தே கிடக்கும். போன் ஒரு மணி நேரம் வேறொருவர் கையில் போனால் உள்ளே எதை வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். என்னைப் போன்ற சர்வீஸ்காரன் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்டேட் எத்தனை வருஷம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிக்சல் 8 முதல் ஏழு வருஷம் தருகிறார்கள். 8ஏ வாங்கினால் 2031 மே வரை வரும், 7ஏ என்றால் 2028 மே. இந்தக் கணக்கு கிராஃபீனுக்கும் பொருந்தும். சிப்புக்கான திருத்தங்கள் கம்பெனியிடமிருந்து வருவது நின்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கிராஃபீன் போட்டபின் என்ன கிடைக்கும்? எனக்குப் பிடித்தது இரண்டு. ஒவ்வொரு ஆப்புக்கும் இன்டர்நெட்டையே மறுக்கலாம். கீபோர்டுக்கு அதைத்தான் முதலில் செய்வேன், நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தானே போகிறது? தமிழுக்கு, திறந்த மூல ஆப்கள் கிடைக்கும் எஃப்-டிராய்டில் இண்டிக் கீபோர்டு இருக்கிறது. அடுத்தது, 'கான்டாக்ட்ஸ் கொடு' என்று அடம்பிடிக்கும் ஆப்பிடம், கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு காலிப் பட்டியலைக் காட்டலாம். லோன் ஆப்களிடம் சிக்கி, சித்தப்பா முதல் ஆபீஸ் மேனேஜர் வரை எல்லாருக்கும் மிரட்டல் போன் போனவர்கள் எத்தனை பேர்! கடன் ஆப்கள் கான்டாக்ட் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் என் கடைக்கு அழுதுகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஜிபே, பேங்க் ஆப் எல்லாம்? இங்கேதான் பலர் பின்வாங்குவார்கள், அதில் தப்பில்லை. பல பேங்க் ஆப்கள் ஓடுகின்றன. சில ஆப்கள், கூகுள் சான்று கொடுத்த சிஸ்டம் இது இல்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். நேற்று ஓடியது அப்டேட்டுக்குப் பின் நின்றுபோவதும் உண்டு. யுபிஐக்கு பேங்க் கணக்கில் பதிந்த சிம் அதே போனில் இருந்தாக வேண்டும் என்பதால், சும்மா இன்னொரு போனில் வைத்துக்கொள்ளவும் முடியாது. உங்கள் பேங்க் ஆப்பைப் போட்டு ஒரு வாரம் பார்த்த பிறகு பழைய போனை விற்றால் போதும்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பைன்ஃபோன் கிடக்கிறது, ஆண்ட்ராய்டு இல்லாமல் லினக்ஸ் என்ற திறந்த மூல சிஸ்டத்தில் ஓடும் போன். பின்மூடியைக் கழற்றினால் அரிசி அளவுக்குச் சின்னச் சின்ன சுவிட்சுகள்: மோடம், வைஃபை, மைக், முன் கேமரா, பின் கேமரா. ஊசி முனையால் தள்ளினால் மைக் நிஜமாகவே அணைந்துவிடும், எந்த மென்பொருளும் அதைத் திரும்ப எழுப்ப முடியாது. ஆசையாக வாங்கினேன். மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும், வருகிற அழைப்பை எடுப்பதற்குள் கட் ஆகிவிடும். வாடிக்கையாளருக்கு இதை வாங்கச் சொல்வதில்லை. எந்தப் போனானாலும் டவருக்கு நாம் இருக்கும் இடம் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப் கதை சந்தோஷமானது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். அதற்குக் கீழே உள்ள ஆபீஸ் லேப்டாப்கள் மூட்டை மூட்டையாக வெளியே வருகின்றன. லினக்ஸுக்கு அவை தங்கம்.

நான் தேடி எடுப்பது திங்க்பேட் டி470. திறப்பது சுலபம். முதலில் பயாஸுக்குள் (லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் புரோகிராம்) போய் உள் பேட்டரியை அணைக்க வேண்டும். அப்புறம் கவிழ்த்துப் போட்டு, வெளி பேட்டரியைக் கழற்றி, ஸ்குருக்களைத் தளர்த்தினால் போதும், அவை கீழே விழாது. பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து நெம்பினால் மூடி டக்கென்று வரும். ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் கையால் மாற்றலாம். வைஃபை கார்டு இன்டெல், போட்டதும் ஓடும். பிராட்காம் கார்டு உள்ள லேப்டாப் என்றால் டிரைவருக்காக ஒரு சாயங்காலம் போய்விடும், அதனால் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பயாஸும் திறந்த மூலமாக வேண்டும் என்கிறவர்களுக்கு டி480-க்கு லிப்ரீபூட் என்ற மாற்று பயாஸ் வந்திருக்கிறது. ஆனால் சிப்பில் கிளிப் மாட்டி எழுத வேண்டிய வேலை அது. ஆசை இருந்தால் செய்யலாம், எல்லாருக்கும் தேவையில்லை.

புதுசுதான் வேண்டுமென்றால், விண்டோஸ் இல்லாமல், உபுண்டு என்ற லினக்ஸ் போட்டோ வெறும் டாஸோடோ விற்கும் மாடல்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஓடாத விண்டோஸுக்குக் காசு கொடுக்க வேண்டாமே.

லினக்ஸ் வகைகளில் மின்ட், டெபியன் எதைப் போட்டாலும் நிறுவும்போது வட்டை மறையாக்கம் (கடவுத்தொடர் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யட்டுமா என்று ஒரு கேள்வி வரும். அதை டிக் செய்யாமல் தாண்டாதீர்கள். செகண்ட்ஹேண்டில் வரும் பழைய வட்டுகளில் யார் யாருடைய சம்பள ஸ்லிப்பும் பான் கார்டும் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். டிக் செய்தால் ஒரு நீளமான கடவுத்தொடர் கேட்கும். ஒரு டீச்சர் அம்மா அதை மறந்துவிட்டு, ஆறு மாதத்து வினாத்தாள்களோடு என்னிடம் வந்தார். "நீங்க சர்வீஸ்காரர்தானே, திறந்துடுங்க தம்பி" என்றார். என்னால் முடியவில்லை, யாராலும் முடியாது. துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை தொடரை ஒரு தாளில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.