யோசிக்காமல் ஊதுவது எப்படி?

நாற்பத்து மூன்று வயதில் ஒரு பழைய ஆல்டோ சாக்ஸபோன் வாங்கினேன். மார்த்தாண்டம் பக்கத்தில் சர்ச் திருவிழா பவனிகளுக்கு பேண்டு செட்டில் முப்பது வருஷம் ஊதிய ஒரு மாஸ்டர்தான் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு ஜாஸ் வேண்டும், அதுவும் நோட்டு பார்த்து வாசிப்பது இல்லை, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கணும் என்று போன முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "மக்கா, முதல்ல ரீடைக் கடிக்காம ஊது."

அந்தப் பேச்சுக்குள் பாதி இயற்பியல் இருக்கிறது. ரீடு என்பது நாணல் தண்டைச் சீவி எடுத்த மெல்லிய பட்டை. வாயில் வைத்து ஈரமாக்கி மௌத்பீஸில், அதாவது வாயில் வைக்கும் முனையில், பொருத்துகிறோம். ஊதும்போது அது ஒரு கதவு. காற்று இடுக்கு வழியாக உள்ளே போகும்போது கதவு மூடப் பார்க்கும். குழாய்க்குள் போன அழுத்த அலை, முதல் திறந்த துளை வரை ஓடித் திரும்பி வந்து, கதவை மறுபடி திறந்துவிடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. எப்போது திறப்பது என்பதைக் குழாயின் நீளம்தான் தீர்மானிக்கிறது. கூடுதல் துளைகளை மூடினால் அலை போய் வர அதிக நேரம் ஆகும், ஸ்வரம் இறங்கும். கீழ்த்தாடையால் ரீடை நெருக்கிவிட்டால் கதவு குழாயின் பேச்சைக் கேட்காது, கீச்சென்று கத்தும்.

பெல்ஜியக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய இந்தக் கருவியின் குழாய், நம் நாதஸ்வரத்தைப் போல அடியில் விரிந்துகொண்டே போகும் கூம்பு. கூம்பு வடிவம் என்பதால்தான் அதிர்வு சரியாக இரண்டு மடங்கு வேகத்துக்குத் தாவுகிறது, அதாவது அதே விரல்களில் மேல் ஸ்தாயி வருகிறது. கிளாரினெட்டின் குழாய் விரியாமல் ஏறக்குறைய ஒரே அகலத்தில் போகும், அது மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்குத் தாவிவிடும், அதனால் அங்கே மேலே ஒரு விரல் கணக்கு, கீழே ஒரு விரல் கணக்கு. சாக்ஸில் இடது கட்டைவிரல் ஆக்டேவ் கீயை அழுத்தினால் ஒரு சின்னத் துளை திறந்து கீழ் ஸ்வரத்தைக் கலைக்கிறது, அவ்வளவுதான். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய வரம். ஒரு பிடியை, அதாவது சின்ன ஸ்வரக் கோர்வையை, கீழே படித்தால் மேலேயும் வந்துவிடும். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் இந்தக் கருவியில் கமகம் வரவழைத்ததை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கூம்பும் ஞாபகம் வரும்.

சரி, சத்தம் வந்துவிட்டது. அடுத்து எந்த ஸ்வரம் ஊதுவது?

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஜாஸில் முதலில் இடறுவது, தரை நகர்வதுதான். நமக்கு தம்புரா சுருதி கச்சேரி முழுக்க அசையாமல் நிற்கும். ஜாஸில் கீழே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், மாறிக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு பார் ப்ளூஸை எடுத்துக்கொள்ளுங்கள் (பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்று), பாடம் தொடங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முதல் நான்கு பார் ஷட்ஜத்தில் நிற்கும் கார்டு, ஐந்தும் ஆறும் மத்யமத்தின் மேல், ஏழும் எட்டும் திரும்பி ஷட்ஜம், ஒன்பதில் பஞ்சமம், பத்தில் மத்யமம், கடைசி இரண்டில் மறுபடி வீடு. இவ்வளவையும் விரலில் காட்ட இரண்டே ஸ்வரம் போதும். ஷட்ஜக் கார்டின் அந்தர காந்தாரம் ஐந்தாவது பாரில் அரை ஸ்வரம் இறங்கி சாதாரண காந்தாரமாகிறது, கைசிகி நிஷாதம் அதே போல அரை ஸ்வரம் இறங்கி சதுஸ்ருதி தைவதத்தில் உட்காருகிறது. பியானோ இல்லை, கிடார் இல்லை, நீங்கள் தனியாக ஊதினாலும் கேட்பவர்களுக்குத் தரை நகர்ந்தது தெரிந்துவிடும். ஆல்டோவில் 'சி'யை ஷட்ஜமாக வைத்தால் அந்த இறக்கத்துக்கு வலது மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரே நேரத்தில் இறங்கணும். சுண்டு விரல் ஒரு துளி பிந்தினால் நடுவில் இன்னொரு ஸ்வரம் எட்டிப் பார்க்கும். இந்த ஒரு அசைவுக்கு மட்டும் எனக்கு மூன்று வாரம் போனது. (ஆல்டோவின் 'சி' பியானோவில் ஈ ஃப்ளாட். கூட ஊதுவதற்குப் பின்னணி இசைப் பதிவு எடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.)

அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் இந்தக் கற்பனை சூன்யத்திலிருந்து வருவதில்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆல்டோவில் ஜாஸையே திருப்பிப் போட்ட சார்லி பார்க்கர் 1937 கோடையில் அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பக்கம் வேலைக்குப் போனபோது, இன்னொரு சாக்ஸ் கலைஞரான லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டு அந்த சோலோக்களை அப்படியே படித்தார். பிற்பாடு பார்க்கரின் பதிவுகளை எழுதியெடுத்து ஆராய்ந்த தாமஸ் ஓவன்ஸ், 1974இல் முடித்த ஆய்வில், திரும்பத் திரும்ப வரும் சிறு பிடிகள் நூறு அளவில் இருப்பதைக் காட்டினார். மின்னல் மாதிரி பாயும் அந்த சோலோக்கள் கையிருப்பில் இருந்த பிடிகளை இடத்துக்குத் தக்கபடி நீட்டி, ஒடித்து, ஒட்டியவை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்குத் தெரியும். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கூட்டத்தைப் பார்த்து, சாமி வருவதைப் பார்த்து, பாடுகிறவர் ஓர் இடத்தை நீட்டுவார், இன்னொன்றைச் சுருக்குவார். நாக்கில் தயாராகக் கிடக்கும் அடிகள்தான் அவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கின்றன. பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" என்று வாங்கும் அந்தக் கணத்தில் அடுத்த அடி தயாராகிவிடுகிறது.

மூளையில் நடப்பதையும் கொஞ்சம் பார்த்திருக்கிறார்கள். 2008இல் சார்ல்ஸ் லிம், ஆலன் பிரவுன் இருவரும் ஆறு தொழில்முறை ஜாஸ் பியானோக்காரர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, 35 கட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் கீபோர்டு கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமானதை வாசிக்கும்போதும் கற்பனையாக வாசிக்கும்போதும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், கற்பனையின்போது நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள பகுதி, நம் செயலைத் திட்டமிட்டுக் கண்காணிக்கிற பகுதி, அடங்கியிருந்தது. நடுப்பகுதி ஒன்று கூடுதலாக வேலை செய்தது. இதைப் படித்துவிட்டு "அப்போ யோசிக்காமல் ஊதினால் போதும்" என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த ஆறு பேரும் பல்லாண்டு பழகியவர்கள். 2014இல் ஸ்வீடனில் நடந்த இன்னொரு ஆய்வில், கற்பனையாக வாசிக்கும் பயிற்சி அதிகம் உள்ளவர்களிடம்தான் இந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிகளின் உழைப்பு குறைவாக இருந்தது. விரல் தானாகப் போகிற அளவுக்குப் பிடிகள் ஊறிய பிறகுதான் காவலாளி நாற்காலியில் உட்காருவார்.

வயதானபின் தொடங்குகிறவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். விரல் இன்னும் குழந்தை, காவலாளியோ நாற்பது வருஷ அனுபவக்காரர், ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிறுத்தி விசாரிப்பார். ஆனால் நம்மிடம் ஒரு சொத்தும் இருக்கிறது: அத்தனை வருஷம் பாட்டு கேட்ட காது. அதனால் ஸ்கேல் (ஸ்வர வரிசை) பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் கற்பனை என்று காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று ஸ்வரம் எடுங்கள். இரண்டு பாருக்கு ஒரு பிடியை முதலில் வாயால் பாடுங்கள், அப்புறம் ஊதுங்கள். பாட வராதது விரலுக்கும் வராது. தாளத்தை மாற்றுங்கள், ஓர் இடத்தில் சும்மா இருங்கள், அதே பிடியை அரை மாத்திரை தள்ளித் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஊதுவதைவிடத் தினமும் இருபது நிமிஷம் மேல், ஏனென்றால் நாம் தூங்கும்போதும் மூளை அந்த அசைவுகளைப் பதிய வைக்கிறது. உதட்டுத் தசைக்கும் ஓய்வு வேண்டும்.

போன மாதம் ஒரு சாயங்காலம், மாஸ்டர் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தில் நின்று நான்கு பார் அவர், நான்கு பார் நான் என்று மாறி மாறி ஊதிக்கொண்டிருந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது, மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, என் மனசு அந்தச் சொட்டில் இருந்தது. ஐந்தாவது பார் வந்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் ஒன்றாக இறங்கின. காந்தாரம் இறங்கியது காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் வாயிலிருந்து மௌத்பீஸை எடுத்துவிட்டு, வில்லுப்பாட்டுக்காரர் மாதிரியே "ஆமா" என்றார்.