எய்லரான் – சிற்றிறக்கை

விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து ஜன்னல் கிடைத்தால், கீழே தெரியும் ஊரை விட்டுவிட்டு இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள். விமானம் திரும்புவதற்காகச் சாயும்போது நுனிப்பக்கம் ஒரு பட்டை எழும்பும், அல்லது தாழும். அதுதான் எய்லரான். இடப்பக்கம் எழுந்தால் வலப்பக்கம் இறங்கும். எழுந்த பக்கம் தூக்குவிசை குறைய, விமானம் அந்தப் பக்கம் சாயும்.

சொல் பிரெஞ்சு. லத்தீன் 'ஆலா'விலிருந்து வந்த 'எய்ல்' என்றால் இறக்கை; எய்லரான் என்றால் குட்டி இறக்கை. பிரெஞ்சுச் சமையலில் கோழி இறக்கைத் துண்டுக்கும் சுறாத் துடுப்புக்கும் இதே பெயர்தான். மேத்யூ போல்டன் என்ற ஆங்கிலேயர் 1868-லேயே இப்படியொரு அமைப்புக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதைப் பொருத்திப் பார்க்கத்தான் அப்போது விமானம் இல்லை! 1903-இல் பறந்த ரைட் சகோதரர்கள் இறக்கையையே முறுக்கிச் சாய்த்தார்கள். அது சரிப்படாது என்று 1904-இல் தன் கிளைடரில் தனிப் பலகைகளை வைத்துப் பார்த்தவர் பிரான்ஸின் எனோ-பெல்தெரி.

பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது, பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி வீட்டு கராஜில் விமானம் கட்டுபவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனத்து ஆர்வி-7 என்ற கிட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எய்லரானில் நெடுக ஓடும் உத்திரம், குறுக்கே விலாச் சட்டங்கள், மேலே ரிவெட் அடித்த அலுமினியத் தகடு என்று பெரிய இறக்கையில் இருப்பதெல்லாம் உண்டு. தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இவ்வளவு இளைத்த பொருளின் மூக்குக்குள் ஓர் இரும்புக் குழாயைச் செருகச் சொல்கிறது வரைபடம். எதற்கு? எய்லரானை இறக்கையோடு இணைக்கும் கீலுக்குப் பின்னால் பாரம் கூடினால், வேகத்தில் பட்டை படபடவென்று அடிக்கத் தொடங்கும். சில நொடிகளில் இறக்கையே பிய்ந்துபோகலாம். குழாய் கீலுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பாரத்தை ஈடுகட்டுகிறது. அப்புறம் ஆசைப்பட்டுப் பின்பக்கம் பெயின்ட்டைக் கனமாக அடித்தால் கணக்கு மறுபடியும் கெடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'துடுப்பு' எனலாம், சுறாவும் சாட்சிக்கு வரும். ஆனால் வாலில் செங்குத்தாக நிற்பதற்கு அந்தச் சொல் வேண்டும். 'மடல்' நல்ல சொல், காதுமடல்போல மடங்கும் சாயல் அதில் இருக்கிறது. ஆனால் அதே பின்விளிம்பில் உடலை ஒட்டி இருக்கும் ஃபிளாப்புக்கு அதைக் கொடுப்பதுதான் நியாயம். எனக்குப் பிடித்தது 'சிற்றிறக்கை'. சிற்றூர், சிற்றிலை வரிசையில் இயல்பாகச் சேர்கிறது, மூலச்சொல்லின் பொருளும் அப்படியே கிடைக்கிறது.

ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். ஜெனித் சிஎச் 701 என்ற சிறு விமானத்தில் ஃபிளாப்பும் எய்லரானும் ஒன்றாகி ஃபிளாப்பரான் ஆகிவிட்டது. மடற்சிற்றிறக்கை என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்குகிறது. அதை ஃபிளாப்பரான் என்றே விட்டுவிட்டேன்.