கணினியின் இயங்குதளத்தை மாற்றலாமா? முடிவெடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

"சார், அந்த மெசேஜ் திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருக்கு. அப்டேட் கொடுக்கலாமா, வேண்டாமா?"

கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பதால், புதிய விண்டோஸுக்கு மாறச் சொல்லும் மெசேஜ் பற்றிய இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை எனலாம். கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டணும்" என்பவர்கள் ஒரு வகை. மெசேஜ் வந்ததுமே பட்டனை அழுத்திவிட்டு, பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று மறுநாள் கூப்பிடுபவர்கள் இன்னொரு வகை. புதிய பதிப்பு அழகாக இருக்கிறதா, வேகமாக இருக்கிறதா, பழகுவதற்கு எளிதா என்றுதான் இரு சாராரும் விசாரிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இப்போது உங்களிடம் இருக்கும் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதி வரை வரும்?

அந்தத் தேதி ரகசியம் இல்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று போனால் உங்கள் பதிப்பு எது என்று தெரிந்துவிடும்.

இந்தத் தேதி தாண்டிய மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காது. கணினி எப்போதும்போல் திறக்கும், கோப்புகள் இருக்கும், இணையம் வரும். "முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்களே, ஒண்ணும் ஆகலையே" என்று பலர் அசட்டையாக இருந்துவிடுவதற்கு இதுதான் காரணம். உள்ளே நடப்பது வேறு. புதிய விண்டோஸில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்துத் திருத்தம் வெளியிடும். தாக்குதல்காரர்கள் அந்தத் திருத்தத்தையே எடுத்து, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் பெருமளவு ஒரே நிரல்களைப் பகிர்ந்துகொள்பவை. அதனால் அதே ஓட்டை பழையதிலும் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அங்கே அடைக்க ஆளில்லை. ஆதரவு முடிந்த இயங்குதளம் நாள் ஆக ஆக ஆபத்தாவது இதனால்தான்.

2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தாக்குதல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது) உலகெங்கும் பரவியது பலருக்கு நினைவிருக்கும். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச்சில், வெளிவந்துவிட்டது. அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளும் ஏராளமாகச் சிக்கின, திருத்தத்தை நிறுவாமல் விட்டிருந்ததால். ஆதரவே முடிந்துபோயிருந்த விண்டோஸ் எக்ஸ்பி-க்குத் தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரமாக ஒரு திருத்தம் தந்தார்கள். ஆக, ஆதரவில் உள்ள பதிப்பில் இருப்பதும் வேண்டும், அதில் வரும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்பதும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்து பயனில்லை.

"ஆன்டிவைரஸ் போட்டிருக்கேனே" என்பார்கள். ஆன்டிவைரஸ் தனக்குத் தெரிந்த தீய நிரல்களைத் தடுக்கும், இயங்குதளத்தின் ஓட்டையை அது அடைக்காது. விண்டோஸ் 10-இலேயே உள்ள ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. எனவே அந்தப் பச்சை டிக் தொடர்ந்து தெரிந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த மெசேஜ் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். உண்மையான அழைப்பு செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இருக்கும். பிரௌசரில் ஏதோ தளம் பார்க்கும்போது சிவப்புத் திரையில் "உங்கள் விண்டோஸ் காலாவதியானது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண்ணே இருக்காது. யாராவது அழைத்து, "இந்த ஆப்பை இறக்குங்க, நான் உள்ளே வந்து அப்டேட் பண்ணித் தர்றேன்" என்றால் பேச்சே வேண்டாம், போனை வைத்துவிடுங்கள்.

உடனே மாற முடியாதவர்களுக்கு ஒரு இடைக்கால வழி இருக்கிறது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருந்தால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் பெறலாம் என்று அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமில்லாமலே சேரும் வழியும் அதில் உண்டு. இது வெறும் அவகாசம்தான். அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

அடுத்தது, உங்கள் கணினி புதிய பதிப்பைத் தாங்குமா என்பது. விண்டோஸ் 11 கேட்பவை: 64 பிட் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் புதிய வகை நிரல்), செக்யூர் பூட் வசதி (தொடக்கத்தில் நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிப்பது), டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புச் சில்லு). இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் வரும். மைக்ரோசாஃப்டே தரும் பிசி ஹெல்த் செக் என்ற இலவச நிரலை ஓட்டினால் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

"டிபிஎம் இல்லை" என்று அது சொன்னதும் கணினியை ஓரம்கட்டிவிடாதீர்கள். அது இருந்தும் பயாஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) அணைத்து வைக்கப்பட்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் அது இருக்கும். செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடி இயக்கிவிட்டு மறுபடி சோதித்தால், தகுதியில்லை என்ற அதே கணினி தகுதி பெற்றுவிடும். இந்த ஒரு சுவிட்ச் தெரியாமல் புதுக் கணினி வாங்கியவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பயாஸில் எதையும் தொடுவதற்கு முன் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

தகுதி இருந்துவிட்டால் போதாது, கணினி சுகமாக ஓடவும் வேண்டும். "புது விண்டோஸ் போட்டதிலிருந்து ஒரே ஸ்லோ" என்று கொண்டுவரப்படும் கணினிகளில் பெரும்பாலும் நான் காண்பது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். எச்டிடி என்று இருந்து, கணினி திறந்து வெகுநேரம் ஆகியும் அளவு 100 சதவீதத்திலேயே நின்றால் குற்றவாளி அதுதான். இப்படிப்பட்ட கணினியில் இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். 4 ஜிபி ரேம் குறைந்தபட்சத் தகுதி மட்டுமே, பிரௌசரில் நாலு டேப் திறந்தாலே மூச்சுத் திணறும். 8 ஜிபி இல்லாமல் விண்டோஸ் 11-க்குப் போகச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்து நிறுவும் வழிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. வேலை செய்யவும் செய்கின்றன. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. திருத்தத்துக்காகத்தான் மாறுகிறோம், அந்தத் திருத்தத்துக்கே உத்தரவாதம் இல்லாத இடத்துக்கு எதற்காகப் போக வேண்டும்? பரிசோதனைக்கு வைத்திருக்கும் கணினி என்றால் உங்கள் விருப்பம். வங்கி வேலை பார்க்கும் கணினியில் வேண்டாம்.

மூன்றாவதாக, இந்தக் கணினியை நம்பி எது எது ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு எழுதும் நிரல், டிஜிட்டல் கையொப்பச் சாவி, பிள்ளைகள் தேர்வு எழுதும் நிரல். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருவது. உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ் 10 என்றால் நேரடியாக மேம்படுத்தவே முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும், பழைய 32 பிட் டிரைவர்களும் (சாதனங்களை விண்டோஸோடு இணைக்கும் நிரல்கள்) உதவாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிப்பாளரின் தளத்தில் புதிய டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வேறு யாரோ புதிதாக விண்டோஸ் நிறுவிக் கொடுத்த கணினியை என்னிடம் கொண்டுவந்தார். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாக ஒரே கலவை. "என் கட்டுரையெல்லாம் போச்சு தம்பி" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது. எதுவும் போகவில்லை. அவர் எழுதியிருந்தது பாமினி எழுத்துருவில், எல்லாக் கணினிகளிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடுக்கு முந்தைய முறை. அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும், எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். பாமினியை மறுபடி நிறுவியதும் பக்கங்கள் அப்படியே வந்தன. பிறகு மாற்றி நிரல் ஒன்றால் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். உங்களிடம் பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால் இயங்குதளத்தைத் தொடுவதற்கு முன் எழுத்துருக்களை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்ய விண்டோஸ் 11-இலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, தனி நிரல் தேவையில்லை.

இப்போது பேக்கப். இதை எடுக்காமல் மேம்படுத்துவதற்கு நான் ஒப்புக்கொள்வதே இல்லை, வந்தவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாகுமென்ட்ஸ் கோப்புறையில் இருந்தவற்றையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதன் வெளியீட்டை நிறுத்திவைத்து, சரிசெய்துதான் மறுபடி விட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி நேர்ந்தது. வெளியில் வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், படங்கள், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் நகலெடுங்கள். கணக்கு நிரல்களின் தரவு சி டிரைவில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள், நிரல்களின் உரிம எண்கள் இவையும் வேண்டும். நகலெடுத்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் பேக்கப் என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பிட்லாக்கர். பல மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. பயாஸில் ஒரு மாற்றம் செய்துவிட்டு மறுபடி இயக்கினால் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி இல்லாவிட்டால் என்னாலும் முடியாது, எந்த நிபுணராலும் முடியாது, உள்ளே இருப்பவை போனவைதான். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ச் சாவியை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து அதே கணினியில் போட்டு வைத்தவர்களும் உண்டு. பூட்டிய பிறகு அந்தப் படத்தை எப்படித் திறப்பது?

மேம்படுத்தும் நாளை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வரி தாக்கல், தேர்வு, வேலை நேர்காணல் இருக்கும் வாரத்தில் தொடவே வேண்டாம். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். புதிய பதிப்பு வெளிவந்த முதல் வாரத்திலேயே தாவ வேண்டியதில்லை, நான் ஓரிரு மாதம் பொறுக்கச் சொல்வேன். இது பெரிய பதிப்பு மாற்றத்துக்கு மட்டும்தான். மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடக் கூடாது.

மாறிய பிறகு பிடிக்கவில்லை, ஏதோ வேலை செய்யவில்லை என்றால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸின் ரெகவரி பக்கத்திலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்பலாம். பழையது விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையில் இருக்கும். நிறைய இடம் பிடிக்கிறதே என்று முதல் நாளே அதைச் சுத்தம் செய்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அந்தப் பத்து நாட்களில், தாளில் எழுதிய ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கமாவது அச்சடியுங்கள், ஒரு பக்கமாவது ஸ்கேன் செய்யுங்கள். கோப்புகள் டெஸ்க்டாப்பில் காணோம் என்றால் பதற வேண்டாம், ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) கோப்புறைக்குள் பாருங்கள். புதிதாகக் கணக்கு அமைக்கும்போது டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் அது தன்பக்கம் இழுத்துக்கொள்வது உண்டு.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான். 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பு 32 பிட் நிரல்களை முற்றாகக் கைவிட்டது, பழைய நிரல்களை நம்பியிருந்தவர்கள் மாறிய பிறகுதான் அதை உணர்ந்தார்கள். இன்டெல் சில்லு உள்ள மேக் என்றால், மேக் ஓஎஸ் டஹோ என்ற பதிப்போடு புதிய பதிப்புகள் நின்றுவிடும்.

விண்டோஸ் 11 ஏறாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள கணினியை எறிந்துவிட வேண்டாம். இணையம், மின்னஞ்சல், வீடியோ, கடிதம் எழுதுவது இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா, தமிழ் தட்டச்சு ஆகிறதா என்று ஒரு மாலை முழுக்கச் சோதித்துவிட்டுப் பிறகு நிறுவலாம். ஒரே ஒரு பழைய நிரலுக்காகவோ ஸ்கேனருக்காகவோ பழைய விண்டோஸ்தான் வேண்டும் என்றால் அதையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வைஃபையை அணைத்து, நெட் கேபிளைக் கழற்றி. அதில் செருகும் பென்டிரைவை மற்றக் கணினியில் போடும்போது முதலில் ஸ்கேன் செய்யுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் அந்தக் கணினியில் ஒருபோதும் திறக்காதீர்கள்.